கைக்குழந்தையோடு விமானம் ஏறுவோர் கவுண்டருக்குப் போகுமுன் அறிய வேண்டியவை

மத்திய கிழக்கில் தொழில் புரியும் கணவரிடம் கைக்குழந்தையுடன் தனியாகப் புறப்படும் தாய்மார், பேரப்பிள்ளையை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் காட்டுவதற்காக லண்டனிலிருந்தும் டோஹாவிலிருந்தும் ஊர் வருவோர், பிள்ளையைப் பொறுப்புக் கொடுக்க ஆளில்லாமல் உம்ராவுக்குக் கூட்டிச் செல்வோர் என்று நமது சமூகத்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையுடன் விமானம் ஏறுவோர் ஏராளம். இவர்களில் பலர் விமான நிறுவனத்தின் விதியை முதன்முதலாகக் கேள்விப்படுவது கட்டுநாயக்க கவுண்டரில்தான். காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ இரவோடு இரவாக ஏழெட்டு மணித்தியாலம் வேனில் வந்து, அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் நீண்ட வரிசை நிற்கும் நேரத்தில் ஒரு விதியைக் கற்றுக்கொள்வது எவருக்கும் சிரமமானது. விதியைச் சொல்லும் ஊழியருக்கும் அதை மாற்றும் அதிகாரம் கிடையாது.

இதில் விமான நிறுவனங்களின் தவறு பாதி. விதிகள் இணையத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதோடு தமது கடமை முடிந்துவிட்டதாக அவை கருதுகின்றன. மீதிப் பாதி, நாம் டிக்கட் வாங்கும் முறையில் இருக்கிறது. ஊரிலுள்ள ஏஜென்சிக்கு வட்ஸ்அப்பில் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பிவிட்டு, விலையை மாத்திரம் கேட்கிறோம். பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டிய நான்கைந்து கேள்விகளைக் கேட்பதில்லை.

இரண்டு வயது என்ற கோடு

சர்வதேச விமானப் பயணத்தில் 'இன்ஃபன்ட்' என்றால் இரண்டு வயது பூர்த்தியாகாத பிள்ளை. இந்த வயது, டிக்கட் வாங்கும் நாளில் அல்ல, பயணம் செய்யும் நாளில் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு பயண நாளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கின்றனர். மார்ச் 10ஆம் திகதி இரண்டு வயது பூர்த்தியாகும் பிள்ளை, பெப்ரவரி 25ஆம் திகதி மடியில் அமர்ந்து போகலாம். மார்ச் 15ஆம் திகதி திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்குத் தனி இருக்கையும் சிறுவர் டிக்கட்டும் வேண்டும். சில நிறுவனங்கள் திரும்பும் பயணத்துக்கு மாத்திரம் சிறுவர் கட்டணம் அறவிடும்; சில, போகும்போதே முழுப் பயணத்துக்கும் கேட்கும். முகவர் இரண்டு வழிக்கும் இன்ஃபன்ட் டிக்கட்டையே போட்டுக் கொடுத்திருந்தால், ஜித்தாவிலோ டுபாயிலோ அன்றைய விலைக்கு ஒருவழி டிக்கட் வாங்க நேரிடும். விடுமுறைக் காலமென்றால் அந்த விலை எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்ஃபன்ட் டிக்கட்டின் கட்டணம் வழமையாகப் பெரியவர் கட்டணத்தின் 10 சதவீதம். ஆனால் அது அடிப்படைக் கட்டணத்தின் 10 சதவீதம். வரிகளும் மேலதிகக் கட்டணங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மலிவு விமான சேவைகள் பல, சதவீதம் பார்க்காமல் ஒரு வழிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை எடுக்கின்றன. சலுகை விலையில் பெரியவருக்கு டிக்கட் கிடைக்கும் நாட்களில், இருக்கையே இல்லாத பிள்ளைக்கு இருக்கையுள்ள பெரியவரைவிட அதிகம் செலுத்தும் வேடிக்கையும் இதனால் நடக்கிறது. எப்படியிருந்தாலும் அந்தப் பணத்துக்கு நாம் வாங்குவது, நமது பிள்ளையை நமது மடியில் வைத்திருப்பதற்கான அனுமதியைத்தான்.

ஒரு பெரியவருக்கு மடியில் ஒரு பிள்ளை மாத்திரமே. இரட்டைப் பிள்ளைகளோடு தனியாகச் செல்லும் தாயிடம், இரண்டாவது பிள்ளைக்குத் தனி டிக்கட்டும் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை ஆசனமும் கேட்பார்கள். இன்னொரு பெரியவர் கூட வராவிட்டால் ஏற்றவே மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

சகோதரிகள் இருவர் ஆளுக்கொரு கைக்குழந்தையுடன் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தால், பணிப்பெண் வந்து ஒருவரை எழுப்பி வேறிடத்துக்கு அனுப்புவார். மனம் நோகச் செய்யும் காரியம்தான். ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது. மேலிருந்து விழும் ஒட்சிசன் முகமூடிகள் ஒவ்வொரு இருக்கைத் தொகுதிக்கும் இத்தனை என்று பொருத்தப்பட்டவை. மூன்று இருக்கைக்கு நான்கு முகமூடி இருந்தால், அந்த மூன்று இருக்கைகளில் ஒரு மடிக்குழந்தைக்கு மேல் அமர முடியாது. பணிப்பெண் இந்த ஒரு வரியை எடுத்துச் சொன்னால் பாதித் தகராறு வராது. பெரும்பாலும் சொல்வதில்லை.

மடி எவ்வளவு பாதுகாப்பு?

1989 ஜூலை 19ஆம் திகதி யுனைடெட் எயார்லைன்ஸின் 232ஆம் இலக்க விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் விபத்துக்குள்ளானது. அதிலிருந்த 296 பேரில் நால்வர் மடிக்குழந்தைகள். அக்காலப் பயிற்சியின்படி, பிள்ளைகளைத் தரையில் வைத்துத் தலையணைகளால் சுற்றி அணைத்துப் பிடிக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது. நால்வரில் ஒரு பிள்ளை உயிரிழந்தது. அந்த அறிவுறுத்தலை வழங்கிய தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் உயிர் தப்பினார். அதன் பின்னர், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனி ஆசனம் கட்டாயமாக்கப்பட வேண்டுமென அவர் பல வருடங்கள் குரல் கொடுத்தார். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் அதையே வலியுறுத்தியது. ஆனால் விமானச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. 2005இல் அதைக் கட்டாயமாக்க மறுத்தது. மேலதிக டிக்கட் வாங்க முடியாத குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் பயணிக்கத் தொடங்கும், வீதி விபத்தில் அதைவிட அதிகமான பிள்ளைகள் இறப்பர் என்பது அதன் வாதம்.

அதாவது, பிள்ளைக்கு மிகவும் பாதுகாப்பான இடம் தனி ஆசனம் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்கின்றனர். மடியில் வைத்துக்கொள்ள அனுமதித்தது செலவைக் கருதி. இதை டிக்கட் விற்கும் எவரும் சொல்வதில்லை.

மடிக்குழந்தைக்கான சிறிய இடுப்புப் பட்டியிலும் நாடுகள் உடன்படவில்லை. தாயின் பட்டியில் கோர்த்து மாட்டும் அந்தப் பட்டியை ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் கட்டாயம் போடச் சொல்வார்கள். அமெரிக்க நிறுவனங்களின் விமானத்தில் அதற்கு அனுமதியில்லை. விபத்தின் விசை பிள்ளையின் வயிற்றைத் தாக்கும் என்பது அமெரிக்கர்களின் வாதம். பட்டியே இல்லாவிட்டால் பிள்ளை கையிலிருந்து எறியப்படும் என்பது ஐரோப்பியரின் வாதம். எந்த விமானத்திலும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தாய் தன்னுடைய பட்டிக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது. விமானம் திடீரெனக் குலுங்கும்போது தாயின் முழுப் பாரமும் பிள்ளையின் மீது அழுத்தும்.

பேபி கொட் கிடைக்குமா?

அதிகமான மனஸ்தாபம் வருவது இந்தத் தொட்டில் விடயத்தில்தான். பெரிய விமானங்களில் தடுப்புச் சுவருக்கு முன்னாலுள்ள வரிசையில் சுவரில் மாட்டும் தொட்டில் அது. ஒரு விமானத்தில் ஒருசில இடங்களில் மாத்திரமே மாட்டலாம். ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் விமானங்களில் கணிசமானவை இந்தச் சிறிய ரகமே. எனவே நான்கு ஐந்து மணித்தியாலம் பிள்ளையைக் கையில் வைத்திருக்க நேரும் என்று எண்ணிக்கொண்டே புறப்பட வேண்டும். டிக்கட் வாங்கும்போது விமானத்தின் ரகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் பெரிய விமானத்துக்குப் பதிலாகச் சிறியது வரலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தொட்டிலுக்கு நிறை எல்லை உண்டு. பல நிறுவனங்களில் அது 10, 11 கிலோவுக்கு உட்பட்டது. நீளமும் பார்க்கப்படும். நன்றாக வளர்ந்த ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கால் நீட்ட இடம் போதாமல் போவதுண்டு. விமானம் மேலெழும்போதும் இறங்கும்போதும் தொட்டிலைப் பாவிக்க முடியாது. வானிலை காரணமாகப் பட்டி விளக்கு எரிந்தால் தூங்கும் பிள்ளையையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏஜென்சிக்காரர் "சொல்லிருக்கு, கிடைக்கும்" என்பார். அந்தச் சொல்லில் நம்பிக்கை வைக்கக் கூடாது. பதிவில் தொட்டிலுக்கான குறியீடு பி.எஸ்.சி.டி. அதற்குப் பக்கத்தில் எச்.கே. என்று இருந்தால் உறுதியாகியிருக்கிறது, எச்.என். என்று இருந்தால் கேட்டு மாத்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு எழுத்தைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குழந்தை உணவுக்கு பி.பி.எம்.எல். என்ற குறியீடு உண்டு. பிள்ளைக்குத் தனியான ஈ-டிக்கட் இலக்கமும் இருக்க வேண்டும். பெற்றோரின் பதிவில் பிள்ளையின் பெயர் தெரிகிறது, ஆனால் டிக்கட் வழங்கப்படவில்லை என்பது கவுண்டரில் அடிக்கடி தலைகாட்டும் சிக்கல்.

பெயர் விடயத்தில் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்ற முதலெழுத்துகள் கடவுச்சீட்டில் முழுமையாக விரியும்போது பெயர் இரண்டு வரிக்கு நீளும். பிள்ளைக்கு வீட்டில் அழைக்கும் பெயரை வைத்தோ, 'முஹம்மது'வின் எழுத்துகளை மாற்றிப் போட்டோ டிக்கட் எடுத்தால், திருத்துவதற்குப் பணம் கேட்பார்கள். கடவுச்சீட்டு கைக்கு வந்த பின்னரே பிள்ளையின் டிக்கட்டை எடுப்பது உசிதம்.

இருக்கைக்கு விலை

முன்பு கவுண்டரிலுள்ளவர் குடும்பத்தைப் பார்த்து ஒன்றாக இருத்திவிடுவார். இப்போது இருக்கையைத் தெரிவு செய்வது தனி வியாபாரம். பணம் செலுத்தாவிட்டால் கணினி எழுந்தமானமாக ஒதுக்கும். மூன்று வயதுப் பிள்ளை ஒரு வரிசையிலும் கைக்குழந்தையோடு தாய் இன்னொரு வரிசையிலும் அமர நேரிடும். தொட்டில் மாட்டக்கூடிய முன்வரிசையைக்கூடக் கால் நீட்ட வசதியான இருக்கை என்று பெயரிட்டு மேலதிக விலைக்கு விற்கின்றனர். குழந்தைக்காக அமைக்கப்பட்ட இடத்தைக் குழந்தையில்லாதவருக்கு விற்றுவிட்டு, தாயிடம் 'இடமில்லை' என்பது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதது.

இதைச் சட்டத்தால் சீர்படுத்த முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. கனடாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலதிகக் கட்டணமின்றிப் பெற்றோருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்துவதற்கு நிறுவனம் ஆவன செய்ய வேண்டும். 5 முதல் 11 வயது வரையானோர் அதே வரிசையில், இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளியின்றி அமர்த்தப்பட வேண்டும். 12, 13 வயதினர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயக அலுவலகம் 2024 ஏப்ரலில், 12 வயது வரையான பிள்ளைகள் ஒரே பதிவிலுள்ள பெற்றோரில் ஒருவருடனேனும் அமர்த்தப்பட வேண்டுமெனப் பணித்தது. அதே வருடம் ஓகஸ்டில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களமும் 13 வயது வரையானோருக்கு இவ்வாறானதொரு விதியை முன்மொழிந்தது.

கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் சகல விமானங்களுக்கும் கனடாவைப் போல வயதையும் வரிசையையும் எண்ணிச் சொல்லும் ஒரு பணிப்புரையை நமது சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கோருவதில் என்ன தடை? டிக்கட் முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் அதே சபைதான். கைக்குழந்தைக்கான விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு டிக்கட்டோடு வழங்குவதை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்கலாம். மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வியாகவேனும் இதை எழுப்பலாம்.

பாற்போத்தலும் பாதுகாப்புச் சோதனையும்

திரவங்களுக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு, 2006 ஓகஸ்டில் பிரித்தானியாவில் முறியடிக்கப்பட்ட விமானக் குண்டுச் சதித்திட்டத்தைத் தொடர்ந்து வந்தது. பிள்ளையின் பாலுக்கும் உணவுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு செல்லலாம். தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், சோதிப்பார்கள். ஆனால் 'தேவையான அளவு' எவ்வளவு என்பது அந்த நேரத்தில் கடமையிலிருக்கும் அதிகாரியின் எண்ணத்தைப் பொறுத்தது. விமானம் மாறும் இடத்தில் மீண்டும் சோதனை நடக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். முதல் விமான நிலையத்தில் விட்டதை இரண்டாவதில் விடாமலிருக்கலாம். பிரித்தானிய விதியில் தாய்ப்பாலை 2,000 மில்லிலீற்றர் வரையான பாத்திரத்தில் கைப்பொதியில் வைக்கலாம், உறையவைத்த பாலுக்கு இடமில்லை. பால்மாவை ஒரு நேரத்துக்குரிய அளவாகப் பொட்டலங்களாக்கி, வெற்றுப் போத்தல்களோடு எடுத்துச் சென்று, வெந்நீரைப் பணிப்பெண்ணிடம் கேட்டுப் பெறுவதே தொல்லை குறைந்த வழி. அந்த நீர் கொதிக்கக் கொதிக்க வரும். ஆறவைத்தே கொடுக்க வேண்டும். தாமதத்தையும் கணக்கிட்டு, பயண நேரத்தைப் போல் இரு மடங்குக்குப் பாலும் பெம்பர்ஸும் இருக்க வேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2019இல் கே.எல்.எம். நிறுவனம், மற்றப் பயணிகள் சங்கடப்பட்டால் தாயை மறைத்துக்கொள்ளுமாறு கேட்கலாம் எனச் சொல்லப்போய்ப் பலத்த கண்டனத்துக்குள்ளானது. நமது பெண்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. மறைத்துக்கொள்ளவே அவர்கள் விரும்புகின்றனர், அதற்கு இடந்தான் கிடைப்பதில்லை. நடுவிருக்கையில், இரு பக்கமும் அந்நிய ஆண்கள் இருக்க, அபாயாவுக்குள் பிள்ளையை வைத்துத் தவிக்கும் தாயை எத்தனையோ விமானங்களில் காணலாம். ஜன்னலோர இருக்கையை முன்கூட்டியே கேட்பதும், விமானத்தில் ஏறியவுடன், மற்றவர்கள் அமர்வதற்கு முன்னரே, பக்கத்தில் ஒரு பெண்ணை இருத்தித் தருமாறு பணிப்பெண்ணிடம் கேட்பதும் பலனளிக்கும். கதவு மூடிய பின்னர் கேட்டால் இடம் மாற்றுவது கடினம்.

விமானம் இறங்கும்போது பிள்ளை வீரிட்டு அழுவது பெரும்பாலும் காது வலியால். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமான மலையில் இருப்பதைப் போன்றது. இறங்கும்போது அழுத்தம் கூட, தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் திறந்து அதைச் சமப்படுத்த வேண்டும். பெரியவர்கள் விழுங்கியோ கொட்டாவி விட்டோ சமாளிக்கின்றனர். பிள்ளைக்குப் பால் உறிஞ்சக் கொடுத்தால் அதே வேலை நடக்கும். சக்கரங்கள் தரையைத் தொடும் நேரம் வரை காத்திராமல், இறக்கம் ஆரம்பிக்கும்போதே, ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு முன், தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டும். சளியோ காதுத் தொற்றோ இருந்தால் புறப்படுமுன் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

ஆவணங்களும் உம்ராவும்

பிறந்த பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், தனி விசா வேண்டும். பிறந்து முதல் ஒரு வாரத்துக்குள் ஏற்றுவதற்குப் பல நிறுவனங்கள் மறுக்கும், அல்லது வைத்தியச் சான்றிதழ் கேட்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவு செய்வது பிரஜாவுரிமைக்கு அவசியம். சவூதியில் பிறந்த பிள்ளையாயின் தகப்பனின் இகாமாவில் பிள்ளையும் சேர்க்கப்பட்டு, திரும்பி வருவதற்கான அனுமதியும் எடுத்த பின்னரே ஊருக்குப் புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் தாய் திரும்பலாம், பிள்ளை திரும்ப முடியாது.

உம்ராவுக்குச் செல்வோரில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி தேவை. ஹஜ்ஜைப் பொறுத்தவரை, சன நெரிசலைக் காரணங்காட்டி 2025ஆம் வருட ஹஜ்ஜுக்குப் பிள்ளைகளை அழைத்துவர சவூதி ஹஜ், உம்ரா அமைச்சு தடை விதித்தது. உம்ராவைத் திட்டமிடுவோரும் முகவரின் வாய்ச்சொல்லை விட்டு அவ்வருட அறிவித்தலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளையே வேண்டாம் என்போர்

மலேசியன் எயார்லைன்ஸ் 2011இல் தனது முதல் வகுப்பில் கைக்குழந்தைகளை ஏற்றுவதில்லை என அறிவித்தது. ஸ்கூட் 2013இல் 12 வயதுக்குக் குறைந்தோருக்கு இடமில்லாத அமைதிப் பகுதியை ஆரம்பித்தது. 2023இல் கொரெண்டன் நிறுவனம் அம்ஸ்டர்டாம்–குராசாவோ விமானத்தில் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியது. ஜப்பான் எயார்லைன்ஸ் கொஞ்சம் மென்மையான வழியைக் கையாண்டது: இருக்கை வரைபடத்தில் கைக்குழந்தை எங்கே அமர்கிறது என்பதைப் படக்குறியால் காட்டி, விரும்பாதவர் தள்ளி அமர வசதி செய்தது. அமைதியை விரும்புவோருக்குத் தனிப் பகுதி இருப்பதில் தவறில்லை. உண்மையில் அது தாய்க்கும் நிம்மதி. முறைத்துப் பார்ப்பவர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆனால் அந்தப் பகுதிகளை விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனங்கள், பிள்ளையோடு வருவோருக்கு அதே அளவு யோசித்து ஏதும் செய்கின்றனவா?

ஸ்ட்ரோலர் உடைந்து வந்தால்

இன்ஃபன்ட்டுக்குப் பொதியாகப் பல நிறுவனங்கள் 10 கிலோவும், மடிக்கக்கூடிய ஸ்ட்ரோலர் ஒன்றும் அனுமதிக்கின்றன. விமானக் கதவு வரை தள்ளிச் சென்று அங்கு ஒப்படைக்கலாம். அதைத் திரும்பத் தருவது கதவிலா, பொதிப் பட்டியிலா என்று ஒப்படைக்கும்போதே கேட்டறிய வேண்டும். விமானம் மாறும் நிலையத்தில் ஐந்து மணித்தியாலம் பிள்ளையைத் தோளில் சுமக்க நேருவது, அநேகமாக இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

சேதத்துக்கும் தாமதத்துக்கும் சர்வதேசப் பயணங்களில் 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் சமவாயம் பொருந்தும். பொதிக்கான பொறுப்பின் உச்ச எல்லை, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை. இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். இது உச்ச எல்லை மாத்திரமே. கிடைப்பது நிரூபிக்கப்பட்ட இழப்புக்குத்தான் என்பதால், ஸ்ட்ரோலரை ஒப்படைக்குமுன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும், வாங்கிய பற்றுச்சீட்டைப் பாதுகாப்பதும் பயனுள்ளது. சேதமென்றால் பொதி கிடைத்து 7 நாட்களுக்குள், தாமதமென்றால் 21 நாட்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வழக்குத் தொடர்வதற்கு இரண்டு வருடம். வெளியே வந்து, வேனில் ஏறி, ஊர் போய்ச் சேர்ந்த பின்னர் தொலைபேசியில் திட்டுவது முறைப்பாடாகாது. பொதி மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள கருமபீடத்தில் படிவத்தை நிரப்பி, இலக்கமிட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.